கேம் திக்கியது கிராபிக்ஸ் கார்டால் அல்ல: மூன்று வருட டிரைவ் அனுபவம்

2019 கடைசியில் சேர்த்த பிசி இது. ரைசன் 5 2600 பிராசஸர், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1660 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம், விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத வேகமான டிரைவ்), கேம்களுக்கு 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. 2022 தொடக்கத்தில் ஜிடிஏ 5 கேம் திக்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் சுற்றிப் பார்த்தால் பிரச்சினை இல்லை. வண்டியில் வேகமாகப் போய் ஒரு புதுத் தெருவுக்குள் திரும்பினால் படம் அரை விநாடி உறைந்துவிடும். கட்டடங்கள் மங்கலாக வந்து, மெதுவாகத்தான் தெளியும்.

எல்லோரையும் போல நானும் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகித்தேன். அதன் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். செட்டிங்ஸை எல்லாம் லோவுக்கு இறக்கினேன். துளி மாற்றம் இல்லை. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்: கார்டு திணறுகிறது என்றால் செட்டிங்ஸைக் குறைத்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும். கடையில் கேட்டபோது, "கார்டு பழசாயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார்கள். கிரிப்டோ மைனிங்கால் கார்டு விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. அதனால்தான் வாங்காமல் விட்டேன்.

கார்டின் வேலையைக் கண்காணிக்கும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம்) 70, பார்க்க அழகான எண். ஆனால் சராசரி திக்கலைக் காட்டாது. 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆன நேரத்தைக் காட்டும் ஃப்ரேம் டைம் வரைபடத்தில் எனக்கு 400, 500 மில்லி விநாடி என்று திடீர் உச்சங்கள் முட்கள் போல நின்றன. அந்த நொடியில் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்திலிருந்து 20-க்கு விழுந்தது. அதாவது கார்டு எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

டாஸ்க் மேனேஜரில் ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். ஆனால் நகர்ந்த தரவு விநாடிக்கு 2 அல்லது 3 எம்பிதான். இந்த 100-ஐப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டிஸ்க் வேகமாக வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை, எப்போது பார்த்தாலும் முடியாத வேலை ஒன்று கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள சராசரி மறுமொழி நேரம். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் அது பெரும்பாலும் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் இருக்கும். எனக்கு 1500-ஐத் தாண்டியது.

அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்தேன். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. இரண்டு வரிகளைக் கவனித்தேன். சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே கேபிளில் கெட்டுப்போய், மறுபடி அனுப்ப வேண்டியிருந்த தரவின் கணக்கு. சி5 என்பது டிஸ்க்கால் படிக்க முடியாமல் நிலுவையில் வைத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு பதியும் சின்னச் சின்னப் பகுதிகளின்) கணக்கு. இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் காட்டும், செட்டிங்கில் நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிப் பார்த்தால் சி7 412, சி5 8.

முதலில் செய்த காரியம் குடும்பப் புகைப்படங்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்தது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: சி5-ல் எண் வந்துவிட்டால் விண்டோஸின் டிஸ்க் பரிசோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவதற்கு முன்னால் தரவை எடுத்துவிடுங்கள். முழு ஸ்கேன் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படிக்கும், தேய்ந்த டிஸ்க் அந்த வேலையிலேயே போய்விடலாம்.

கேபினட்டைத் திறந்தால், டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் பக்கவாட்டுக் கதவில் அழுந்தி, கூர்மையாக மடிந்து கிடந்தது. பூட்டும் கிளிப் உள்ள புதுக் கேபிள் போட்டேன். சி7 எண் குறையாது, அது மொத்தக் கணக்கு. மேலே ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் பார்த்தேன், 412-லேயே நின்றது. திக்கல் பாதிக்கு மேல் குறைந்தது. மீதி டிஸ்க்கின் தேய்மானம்.

அந்த மாதமே டிராம் கேஷ் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) உள்ள 1 டெராபைட் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, கேம்களை மாற்றினேன். எதிர்பார்ப்பு சரியாக இருக்கட்டும்: சராசரி 70-லிருந்து 72 ஆனது, அவ்வளவுதான். ஆனால் அந்த முட்கள் போய்விட்டன, தெருக்கள் மங்கலாக வருவதும் நின்றது. சில மாதம் கழித்து இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்த்து, இரண்டு ரேமும் இரு வழியாகச் சேர்ந்து ஓடும் டூயல் சேனல் ஆக்கினேன். அப்போதுதான் பழைய ரேம், 3200 வேகம் என்று வாங்கியது, இத்தனை நாள் 2133-ல் ஓடியிருப்பதைப் பார்த்தேன். மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியைப் போட்டதும் சரியானது.

மூன்று வருடத்தில் எஸ்எஸ்டி என்னை ஒரே ஒரு முறைதான் சோதித்தது. விண்டோஸ் காட்டும் 931 ஜிபியில் 20 ஜிபி மட்டும் மிச்சமிருக்கும் அளவுக்கு நிரப்பிவிட்டேன். ஒரு பெரிய கேம் அப்டேட் ஹார்ட் டிஸ்க்கை விட மெதுவாக எழுதியது. காலி இடத்தில் ஒரு பகுதியைத்தான் டிரைவ் வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொள்கிறது, காலி குறைந்தால் அந்த வேகமும் குறைகிறது. இரண்டு கேம்களை நீக்கியதும் பழைய வேகம் வந்தது. அதிலிருந்து 150 ஜிபியை எப்போதும் காலியாகவே விட்டுவைக்கிறேன்.

இன்றைய நிலவரம்: எஸ்எஸ்டியில் இதுவரை எழுதியது 18 டெராபைட், உத்தரவாதம் 360 டெராபைட் எழுதும் வரை. ஆரோக்கியம் 96 சதவீதம். அதே 1660 கார்டுதான் இன்னும் ஓடுகிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுதாக ஃபார்மட் செய்ததில் சி5 பூஜ்ஜியமானது. தொலைந்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்புகளை மட்டும் அதில் வைத்திருந்தேன். போன மாதம் சி5 மறுபடி 16 காட்டியது. கழற்றி எடுத்துவிட்டேன்.