கல் தட்டுக்குக் கதவா, முழு மாடுலரா?

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய வீடுகளில் சமையலறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேடைக்குக் கீழே செங்கல் தடுப்புச் சுவர், நடுவில் கடப்பா கல் தட்டு, மேலே பரண். கதவு கிடையாது, ஒரு திரைத்துணி தொங்கும். இதைப் புதுப்பிக்கலாம் என்று விசாரித்தால், "எல்லாத்தையும் எடுத்துட்டு மாடுலர் போட்டுடலாம்", அதாவது பெட்டி பெட்டியாகச் செய்து பொருத்தும் அலமாரி, என்பதுதான் முதலில் வரும் பதில். கையில் பணம் குறைவு என்றால் இடிப்பதற்கு முன் மூன்று வழிகளைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இருக்கும் கல் தட்டுக்குக் கதவு மட்டும் போடலாம். பிளைவுட்டில் முழுப் பெட்டியாகச் செய்யலாம். அலுமினியத்திலோ பி.வி.சி.யிலோ செய்யலாம்.

என் ஓட்டு முதல் வழிக்கு. ஒரு சின்னக் கணக்கு போட்டாலே காரணம் தெரியும். 10 அடி நீள மேடை, அதன் கீழே இரண்டேகால் அடி உயரம் என்றால் கதவுக்குத் தேவை 22 சதுர அடி சொச்சம். 8-க்கு 4 பிளைவுட் ஷீட் ஒன்று 32 சதுர அடி. கதவு முழுவதும் ஒரே ஷீட்டில் முடிந்துவிடும். அதே இடத்தில் நான்கு பெட்டிகள் செய்தால் பக்கப் பலகை, அடிப்பலகை, நடுத்தட்டு என்று 75 சதுர அடி கூடுதலாகப் போகும். பின்பலகை, கூலி எல்லாம் தனி. இவ்வளவும் கதவுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிற பணம். அந்த வேலையை ஏற்கெனவே அங்கிருக்கும் கல்லே செய்துகொண்டிருக்கிறது.

அதுவும் நன்றாகவே செய்கிறது. நம் சமையலறையில் மேடைக்குக் கீழே இருப்பவை லேசான சாமான்கள் இல்லை. 25 கிலோ அரிசி டிரம், கிரைண்டர், இட்லிக் குண்டான், விசேஷத்துக்கு எடுக்கும் பெரிய பாத்திரங்கள். கல் இதையெல்லாம் அசையாமல் தாங்கும். சிங்க் குழாய் கசிந்தாலும் ஊறாது, கரையான் அரிக்காது.

ஆனால் கல்லில் கதவு மாட்டுவது எளிதான வேலை இல்லை. கீல் திருகு கல்லில் பிடிக்காது. அதனால் முதலில் அலுமினியத்திலோ பிளைவுட்டிலோ ஒரு சட்டம் அடித்து, அதில்தான் கதவைத் தொங்கவிட வேண்டும். சட்டத்துக்கான ஃபிஷரை (திருகு பிடிக்கத் துளைக்குள் இறக்கும் பிளாஸ்டிக் குழலை) கல்லின் விளிம்பில் துளை போட்டு இறக்கக் கூடாது. கடப்பா அடுக்கடுக்கான கல், விளிம்பில் துளை போட்டால் தெறிக்கும். பக்கத்துச் செங்கல் சுவரில்தான் இறக்க வேண்டும். பழைய கட்டட வேலையில் ஒவ்வொரு தடுப்பும் கொஞ்சம் கோணலாகவே இருக்கும். சட்டத்தைத் தூக்குக்குண்டு பார்த்து நிறுத்தினால்தான் கதவுகள் ஒரே கோட்டில் நிற்கும். இதற்குப் பொறுமையான ஆசாரி வேண்டும்; அவருக்குக் கூலி கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், தகும்.

இந்த வழியின் உண்மையான குறை இழுப்பறை இல்லாததுதான். கல் தட்டில் பின்னால் இருப்பதை எடுக்கக் குனிந்து கையை விட்டுத் துழாவ வேண்டும். வீட்டில் முழங்கால் வலி உள்ளவர் சமைக்கிறார் என்றால் இதைச் சாதாரணமாக விடக் கூடாது. அப்போது மேடைக்குக் கீழே அடுப்பை ஒட்டிய ஒரு தடுப்பில் மட்டும் நடுத்தட்டை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, சேனல் (இழுக்க உதவும் இரும்புத் தண்டவாளம்) வைத்த டிராயர் போடச் சொல்லலாம். தினமும் எடுக்கிற சாமான் அதில் அடங்கிவிடும்.

கல் தட்டே இல்லாத வீடு என்றால் பிளைவுட் பெட்டிதான் நல்லது, அதில் தரம் பார்க்க வேண்டும். எம்.ஆர். என்று விற்பது ஈரக்காற்றைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. 710 என்ற ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய) எண் உள்ளது 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனையைத் தாண்டி வரும் ரகம். எல்லாவற்றையும் 710-இல் செய்யப் பணம் இல்லையா, சிங்க் பெட்டியை மட்டுமாவது அதில் செய்யுங்கள். மிக மலிவான மாடுலர் பேக்கேஜ் பலவற்றில் உள்ளே இருப்பது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசை சேர்த்து அழுத்திய பலகை. வெட்டிய விளிம்பில் தண்ணீர் இறங்கினால் அது உப்பிவிடும், அப்புறம் திருகு நிற்காது. சிங்க் பக்கம் அது வேண்டவே வேண்டாம்.

பி.வி.சி. விலையில் ஈர்க்கும், தண்ணீருக்கும் கரையானுக்கும் பயமில்லை. ஆனால் உள்ளே பொந்தான பலகையில் கீல் திருகு நாளடைவில் தளரும், அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வளையும். பாத்திரம் ஏறாத பரண் கதவுக்கு அது போதும். அலுமினியம் அதைவிட உறுதி, கடலோர ஊர்களில் நிறையப் பேர் அதைத்தான் போடுகிறார்கள். இடித்தால் நசுங்கும், மூடும்போது சத்தம் வரும், அவ்வளவுதான்.

மேடைக் கல்லில் எனக்குக் குழப்பமே இல்லை: கருப்பு கிரானைட். குவார்ட்ஸ் பார்க்க அழகு. ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் கொதிக்கும் குக்கரை நேராக இறக்கி வைக்க முடியாது. கடப்பாவை மேடைக்கு மேலே போடக் கூடாது. அது சுண்ணாம்புக் கல் வகை, எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் வெளுத்துப்போகும். கீழே தட்டாக இருக்கும்வரை அது தங்கம்.

சிங்க், பாத்திரக் கூடை வாங்கும்போது கடைக்காரர் காந்தத்தை வைத்து "ஒட்டலை பாருங்க, 304 தான்" என்பார். 304 என்பது துருப்பிடிப்பதை நன்றாகத் தாங்கும் ஒரு ஸ்டீல் ரகம். 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. 202-இல் நிக்கல் குறைவு, உப்புத் தண்ணீர் ஊர்களில் சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சுவர் டைல்ஸ் உடையாமல் இருந்தால் மாற்றவே வேண்டாம். இடுக்கில் கறுத்துப்போன சிமெண்ட்டைச் சுரண்டி எடுத்து எபாக்சி கிரவுட் (பிசின் கலந்த இடுக்குப் பூச்சு) போட்டாலே பாதி அறை புதிதாகிவிடும். மஞ்சள் கறை அதில் எளிதில் ஏறாது. பரணுக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை விளக்கு போட்டால், காய் நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழும் தொல்லை போகும். கிரைண்டருக்கும் மிக்சிக்கும் தனித்தனி பிளக் வேண்டுமென்றால் அந்த வயரிங்கைக் கதவு வேலைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

விலை பேசும்போது சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். முகப்பை மட்டும் அளக்கிறார்களா, உள்ளே ஒவ்வொரு பலகையையும் அளக்கிறார்களா என்பதில்தான் தொகை மாறும். கீல், சேனல், கைப்பிடி, வரி எல்லாம் உள்ளேயா வெளியேயா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லி, அதன்பிறகு முன்பணம் கொடுங்கள்.