ஃபில்டரா, ப்ரீஆம்பா?

மெலிந்த சிக்னலைப் பிடிக்க ஹாம் (அமெச்சூர்) வானொலிக்காரர்கள் இரண்டு வழி சொல்வார்கள்: வேண்டிய அலைவரிசையை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் குறுகிய ஃபில்டர் போடு, அல்லது ரிசீவருக்கு முன்பே சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப் வாங்கு. கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். கூட்டல் தெரிந்தால் போதும்.

290 கெல்வின் வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு; எண் கீழே போகப் போகச் சிக்னல் மெலிந்தது) வெப்ப இரைச்சல் எந்த ரிசீவரின் வாசலிலும் காத்திருக்கும். ஃபில்டரின் அகலம் 500 ஹெர்ட்ஸ் என்றால் இரைச்சலும் 500 மடங்கு; அதற்கு 27 டெசிபல் கூட்டுங்கள். ரிசீவர் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல், அதாவது அதன் இரைச்சல் எண், 10 டெசிபல் என்று வைத்தால் −137 வருகிறது. அந்த ரிசீவர் உணரக்கூடிய மிக மெலிந்த சிக்னல் அதுதான். பேச்சுக்கான 2,400 ஹெர்ட்ஸ் ஃபில்டரில் அதே பெட்டி −130இலேயே நின்றுவிடும். மோர்ஸ் கேட்பவருக்கு ஃபில்டரைச் சுருக்கியதிலேயே ஏறக்குறைய 7 டெசிபல் லாபம்.

ப்ரீஆம்ப்? 7 மெகாஹெர்ட்ஸில் வீண்செலவு என்பேன். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சூத்திரப்படி, குடியிருப்புப் பகுதியில் அங்கே வெளி இரைச்சலே வெப்ப இரைச்சலைவிடச் சுமார் 49 டெசிபல் அதிகம். 500 ஹெர்ட்ஸில் அது −98 டிபிஎம். மட்டமான சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் போடும் இந்தக் கூச்சலையும் ப்ரீஆம்ப் சேர்த்தே பெருக்கும். சந்தேகமிருந்தால் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். 'உஸ்' என்ற சத்தம் சட்டென அடங்கினால், உங்கள் ரிசீவருக்குக் காது ஏற்கெனவே போதும். ஃபில்டரோ அந்த வெளிக் கூச்சலையும் சேர்த்தே குறைக்கும்.

144 மெகாஹெர்ட்ஸில் கதை வேறு. கேபிள் 3 டெசிபலைத் தின்கிறது, ரிசீவரின் இரைச்சல் எண் 6 என்றால் மொத்தம் 9. இரைச்சல் எண் 1, பெருக்கம் 20 டெசிபல் உள்ள ப்ரீஆம்பை மேசையில் வைத்தால் மொத்தம் 4.1 ஆகும், அதே ப்ரீஆம்பை ஆன்டெனா அருகே கம்பத்தில் கட்டினால் 1.2. கேபிளில் தொலைந்ததைக் கீழே பெருக்கி மீட்க முடியாது.

ஆனால் ஊர் நடுவே 144இலும் வெளி இரைச்சல் 13 டெசிபலை ஒட்டியே இருக்கும். அங்கே இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோகும். ஊருக்கு வெளியே, வானை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பிச் செயற்கைக்கோள் கேட்பவருக்குத்தான் கம்பத்து ப்ரீஆம்ப். அதிலும் ஒலிபரப்பும்போது அதை விலக்கிவிடும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) இல்லையென்றால், முதல் அழைப்பிலேயே கருகிவிடும். மழைக்கு முன் மேலே ஏறிக் கனெக்டரில் டேப் சுற்றச் சோம்பல்படுபவர்கள், கேபிளையாவது தடித்ததாக மாற்றலாம்.