தயிர்ச் சட்டிக்குப் பிலிம் சென்சர்: ஒரு மாரியும் ஒரு கச்சான் காற்றுக் காலமும் கடந்த பிறகு

மட்டக்களப்புப் படுவான்கரையில் எருமைத் தயிர் போட்டு விற்கும் பெரியம்மாவுக்கு, சட்டிச் சூடு பார்க்க அச்சிட்ட பிலிம் சென்சர்களைப் பொருத்திக் கொடுத்தேன். "விரலை வெச்சாத் தெரியாதா மனே?" என்று இன்னும் கேட்கிறார். தெரியும்தான். ஆனால் அவர் நித்திரையான பிறகு யார் விரல் வைப்பது?

மெல்லிய பொலியெஸ்டர் தாளில் வெள்ளி மையால் இரண்டு கோடுகள், அவற்றுக்கு நடுவே சூடு ஏற ஏற மின்தடை இறங்கும் ஒரு மை. அவ்வளவுதான் பொருள். என்னிடமுள்ளதின் தடை 25 பாகை செல்சியஸில் 10 கிலோ ஓம். தயிர் நன்றாக உறையும் 42 பாகையளவில் அதில் பாதிக்குச் சற்றுக் கீழே. உருக்குக் குழாய்க்குள் வரும் சென்சர் உருண்ட சட்டியில் படியாது, பாலுக்குள் விட்டால் கழுவுகிற வேலை. பிலிம் வளைந்து படிகிறது. அது காட்டுவது சட்டிச் சுவரின் சூட்டை, பாலின் சூட்டை அல்ல. மேலே ஸ்பொஞ்சுத் துண்டு வைத்து மூடினால் வித்தியாசம் குறையும்.

தயிர் சட்டியோடு விற்பனையாவதால் ஒட்டிவிட்டு மறக்க முடியாது. ஸ்பொஞ்சையும் பிலிமையும் ரப்பர் பட்டியில் தைத்துச் சட்டிக்குச் சட்டி மாற்றுகிறோம். அப்படி மாற்றி மாற்றியே சில பழுதாகின. உணரும் பகுதிக்கு ஒன்றுமில்லை. வயர் சேரும் வால் பகுதி மடங்கி, வெள்ளிக்கோடு வெடித்துப்போனது.

பெரிய எதிரி ஈரம். மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் இன்னும் கட்டியாகிறது; அந்த ஈரம் வெளிப்பக்கமும் கசிகிறது. பிலிம் விளிம்பு கிளம்பிக் காற்றுப் புகுந்தால் சூடு குறைவாகக் காட்டும். ஈரம் உள்ளே போனால் நேர்மாறு: கோடுகளுக்கிடையே மின் கசிந்து தடை குறைய, கருவி அதைச் சூடு ஏறியதாக எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் பொலித்தீன் பையில் போட்டு, நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்துப் பார்ப்பேன். பூச்சியத்தில் தடை 33 கிலோ ஓமுக்கு மேல் என்பதால் சிறு கசிவும் அங்கே பிடிபடும். மாரியில் சிலது ஒரு பாகைக்கு மேல் கூட்டிக் காட்டின, கச்சான் வீசத் தொடங்கியதும் தாமாகவே திரும்பி வந்தன.

துல்லியம் கேட்பவருக்கு இது சரிவராது. எங்களுக்கு வேண்டியிருந்தது எந்தச் சட்டி முந்தி ஆறுகிறது என்பது. மாரியில் கதவோர வரிசை, சந்தேகமே இல்லை. இப்போது அங்கே இரட்டைச் சாக்கு. கச்சானில் நடு வரிசை சூடு இறங்காமல் கிடந்து புளித்தது, அதைப் பெரியம்மா கருவி இல்லாமலே சொல்லியிருந்தார்.

வாங்குவதானால் மேலே காப்புத்தாள் மூடியதாக, வாலில் கிளிப் அழுத்தியதாகப் பாருங்கள். சோல்டரிங் அயன் பட்டால் தாள் உருகிவிடும்.