கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை: ஆப்பில் டேப் சரிசெய்ய 34,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

நேற்று இரவு அப்பாவின் நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். ரிங் போனது. ஆப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று பணம் வாங்கிய அந்த ஆள் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். என் நம்பரை பிளாக் செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறுதியானது. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்படி ஏமாந்தேன், ஆப் வேலையை வெளியே கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும், இரண்டையும் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கோத்தகிரியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. தேயிலைத்தூள், வர்க்கி, யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு விற்கிறோம். சீசனில் மேலே வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். 2024 மே மாதம் நீலகிரிக்கு வண்டியில் வருகிறவர்கள் முன்கூட்டியே இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று வந்த பிறகு எங்கள் கடைக்கு வருகிற கூட்டம் குறைந்துவிட்டது. மக்கள் மேலே வராவிட்டால் சாமான் கீழே போகட்டும் என்று பார்சல் அனுப்ப ஆரம்பித்தோம். அதற்குத்தான் இந்த ஆப். நான் பி.காம் படித்தவள். ஊரடங்கு நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஆப் எழுதுவதற்கான கூகுளின் கருவி ஃப்ளட்டரைக் கற்றுக்கொண்டேன். திரையின் கீழே தொட்டால் பக்கம் மாறும் நான்கு டேப்: முகப்பு, பொருட்கள், கூடை, ஆர்டர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் நானே எழுதினேன்.

பிளே ஸ்டோரில் இப்போது புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் ஆப்பைச் சோதித்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும். சொந்தக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து 12 பேரைப் பிடித்தேன். அவர்கள் சொன்ன குறைகள் எல்லாமே டேப்பில்தான் வந்து நின்றன. ஊட்டியில் இருக்கும் பெரியம்மா, "கூடையில அரைக் கிலோ பூண்டு போட்டேன், பொருட்களுக்குப் போய்ட்டு வந்தா கூடை காலியா இருக்கு" என்றார். எந்த டேப்பில் இருந்தாலும் பேக் பட்டனை அழுத்தினால் ஆப் மூடிக்கொள்கிறது என்றார்கள் சிலர். ஒரு பொருளைத் திறந்தால் கீழே இருக்கும் டேப் பட்டையே காணோம் என்றார்கள் வேறு சிலர். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்காவது டேப்பைச் சேர்த்த அன்றிலிருந்து ஐகான் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழே வெறும் வெள்ளைப் பட்டைதான் இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மே மாத சீசனுக்குள் ஆப் வெளியே வந்தாக வேண்டும். அதனால் ஃப்ரீலான்ஸ் வேலைக்காரர்களைப் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் என் பிரச்சினையைப் போட்டேன். தளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஐந்து நட்சத்திரம், நூற்றுக்கும் மேல் நல்ல விமர்சனம், படத்தில் சிரித்த முகம். அந்த மாதிரித் தளம்தான்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. தமிழில் பேசினார். "சிஸ்டர், எங்க அம்மா ஊரு குன்னூர்தான். சின்ன வயசுல சிம்ஸ் பார்க் பழக் கண்காட்சிக்கு வராத வருஷமே இல்ல" என்றார். எனக்கு அங்கேயே பாதி மனசு இளகிவிட்டது. நம்ம மலைக்காரப் பையன் என்று நினைத்தேன். முதலில் ஐகான் பிரச்சினையை மட்டும் பார்க்கலாம், தளத்தின் வழியாகவே 2,000 ரூபாய் போதும் என்றார்.

அன்று இரவு ஒன்பதரை மணிக்குத் திரையைப் பகிர்ந்தோம். அப்பாவும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஆள் என் கோட் ஃபைலை இரண்டு நிமிடம் மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வரி சேர்த்தார். நான்கு ஐகானும் பளிச்சென்று வந்து நின்றன. அப்பா, "கெட்டிக்காரப் பையன்மா" என்றார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்த ஒரு வரி என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். ஃப்ளட்டரின் பாட்டம் நேவிகேஷன் பாரில், அதாவது அந்தக் கீழ்ப் பட்டையில், மூன்று டேப் வரைக்கும் அதன் வகை தானாக 'ஃபிக்ஸ்ட்' என்று இருக்கும். நான்காவது சேர்ந்ததும் தானாக 'ஷிஃப்டிங்' ஆகிவிடும். அந்த வகையில் ஐகானும் எழுத்தும் வெள்ளையாக வரும், பின்னணி நிறத்தை ஒவ்வொரு டேப்புக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. வெள்ளைப் பட்டையில் வெள்ளை ஐகான், அவ்வளவுதான். டைப் ஃபிக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். ஃப்ளட்டரின் சொந்த ஆவணத்திலேயே இது இருக்கிறது. இரண்டு பத்தி பொறுமையாகப் படித்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது. மீதி நடந்ததெல்லாம் அந்த நிமிடத்தால் வந்ததுதான்.

மறுநாள், "மீதி மூணு பிரச்சினையும் ஆழமான வேலை சிஸ்டர். ஒவ்வொரு டேப்புக்கும் தனி நேவிகேஷன் போடணும், பேக் பட்டன் பாக்கணும், மூணு மாசம் சப்போர்ட்டும் தர்றேன். 32,500 ஆகும்" என்றார். தளத்தின் வழியாகக் கொடுத்தால் கமிஷன் போய்விடும், நேராக யூபிஐயில் போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன். மொத்தம் 34,500 ரூபாய். போன மாதம் எங்கள் தோட்டத்துப் பசுந்தேயிலைக்குக் கிலோ 18 ரூபாய் கிடைத்தது. 34,500 ரூபாய் என்றால் 1,900 கிலோவுக்கு மேல் இலை. அம்மா மழையிலும் பனியிலும் குனிந்து பறித்த இலை அது.

ஒன்பது நாள் கழித்து ஒரு ஜிப் ஃபைல் வந்தது. கோடில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் 'கிட்'டில் (Git) கமிட் செய்து கொடுங்கள், எதை மாற்றினீர்கள் என்று பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய டீமுக்குத்தான் சிஸ்டர்" என்றார். ஓட்டிப் பார்த்தேன். டேப் மாறுகிறது, பொருளைத் திறந்தாலும் கீழே பட்டை இருக்கிறது, பேக் அழுத்தினால் ஆப் மூடவில்லை. சந்தோஷமாக வெளியிட்டேன்.

இரண்டு நாளில் ஆரம்பித்தது. பேக் பட்டனை அழுத்தினால் முன்பு பார்த்த டேப், அதற்கு முந்தைய டேப் என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒருமுறை எண்ணினேன். வெளியே வர பதினான்கு முறை அழுத்த வேண்டியிருந்தது. கூடை சில நேரம் காலி, சில நேரம் பழைய சாமானோடு வருகிறது. முகப்பிலேயே மேலே இடது பக்கம் ஒரு பேக் அம்பு நிற்கிறது. ஈரோட்டு அக்கா ஒருவர் பேக் அழுத்தி அழுத்திப் பழைய ஆர்டர் பக்கத்துக்கே போய், அது முடியவில்லை என்று நினைத்து மறுபடியும் பணம் கட்டிவிட்டார். ஒரே ஆர்டர் இரண்டு தடவை பதிவாகிவிட்டது.

அந்த ஆளிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்களை வரிசையாகவே எழுதுகிறேன், உங்களிடமும் யாராவது இதையே சொன்னால் அடையாளம் தெரியட்டும். முதலில், "மலையில நெட்வொர்க் ஸ்லோ சிஸ்டர், அதான்" என்றார். எங்கள் வீட்டில் சிக்னல் சரியாக வராது என்பது உண்மைதான், மேட்டுத் தோட்டத்துக்கு ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும். அதனால் நம்பினேன். அப்புறம் தோன்றியது, டேப் மாறுவதற்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பார்த்தேன். அதே பதினான்கு முறைதான். வீடியோ எடுத்து அனுப்பினேன். "உங்க ஃபோன் பழசு" என்றார். தம்பியின் புது ஃபோனில் எடுத்து அனுப்பினேன். "கேஷ் கிளியர் பண்ணுங்க" என்றார். செய்தேன். "இது ஃப்ளட்டர்லயே இருக்கிற பக், கூகுள்தான் சரிபண்ணணும்" என்றார். அப்போதுதான் சிஸ்டர் போய் மேடம் ஆனேன்.

அந்த பேக் அம்பையாவது எடுங்கள் என்று கெஞ்சினேன். மறுநாள் இன்னொரு ஜிப் வந்தது. அம்பு போயிருந்தது. "சரிபண்ணியாச்சு மேடம், இனிமே புதுசா ஏதாவது வேணும்னா 8,000 ஆகும்" என்றார்.

கோவையில் ஐடி வேலை பார்க்கும் சித்தி மகனை அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன். முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். ஃபோனை எடுத்ததும் அவன் ஒரு கேள்விதான் கேட்டான். "அக்கா, டேப் பக்கத்துல மேல பேக் அம்பு வந்துச்சா?" வந்தது, அப்புறம் அவர் எடுத்துவிட்டார் என்றேன். "அப்போ ஒவ்வொரு தடவை டேப்பைத் தொடும்போதும் புதுப் பக்கத்தைத் தூக்கி மேல மேல அடுக்கியிருக்கான். அம்பை மறைச்சிருப்பான், அடுக்கு அப்படியேதான் இருக்கும், பாரு" என்றான்.

பார்த்தேன். அவன் சொன்னபடியே இருந்தது. டேப் மாறும்போது, இருக்கிற பக்கத்தைக் காட்டுவதற்குப் பதிலாக நேவிகேட்டர் புஷ் செய்து, கீழ்ப் பட்டையோடு சேர்த்து முழுப் பக்கத்தையும் புதிதாக உருவாக்கியிருக்கிறார். பின்னால் போக ஏதாவது ஒரு பக்கம் அடுக்கில் இருந்தால் மேலே இருக்கும் பட்டையில் (ஆப் பார்) அம்பு தானாக வந்துவிடும். அது கோளாறைக் காட்டிக்கொடுக்கும் அம்பு. இந்த ஆள் நான்கு ஃபைலிலும் 'ஆட்டோமேட்டிக்கலி இம்ப்ளை லீடிங்' என்பதற்கு ஃபால்ஸ் கொடுத்து அதை மறைத்துவிட்டுச் சரிபண்ணியாச்சு என்றிருக்கிறார். தெரியாமல் தப்புச் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இது தெரிந்தே செய்தது. எதைப் பார்த்தால் குட்டு உடையும் என்று தெரிந்துதானே அதை மட்டும் மறைத்திருக்கிறார்?

கூடைப் பக்கம் உருவாகும்போது ஓடும் இனிட் ஸ்டேட்டில் ஒரு பிரிண்ட் வரி போட்டு ஓட்டினேன். டேப்பைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அந்த வரி திரையில் வந்தது. கூடை ஒவ்வொரு முறையும் புதிதாகவே உருவாகிறது என்பதற்கு அதுவே சாட்சி. எல்லாப் பக்கத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் காட்டும் இண்டெக்ஸ்டு ஸ்டேக்குக்குள் நான்கு பக்கத்தையும் வைத்ததும் பிரிண்ட் ஒரே ஒரு தடவைதான் வந்தது, கூடையும் நின்றது. பிறகு ஒவ்வொரு டேப்புக்குள்ளும் தனி நேவிகேட்டர் வைத்து, பேக் அழுத்தினால் முதலில் அந்த டேப்புக்குள் பின்னால் போகும்படி, அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் முகப்புக்கு வரும்படி, முகப்பில் இருந்தால் மட்டும் வெளியேறும்படி, பேக் பட்டனைக் கட்டுப்படுத்தும் பாப் ஸ்கோப்பில் எழுதினேன். சித்தி மகன் ஃபோனிலேயே வழி சொன்னான். இரண்டு ராத்திரியில் முடிந்தது. இண்டெக்ஸ்டு ஸ்டேக்கில் ஒரு சங்கடம் உண்டு, எல்லாப் பக்கமும் ஆரம்பத்திலேயே உருவாகிவிடுவதால் ஆர்டர்கள் டேப் பழைய பட்டியலையே காட்டுகிறது. அந்த டேப்பைத் தொடும்போது மறுபடி ஏற்றும்படி மாற்ற வேண்டும், அது இன்னும் பாக்கி.

இரண்டு ராத்திரி வேலைக்கு 34,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அந்த வேலையையும் கடைசியில் நானே செய்தேன்.

தளத்திடம் புகார் செய்தேன். 2,000 ரூபாய் வேலைக்கு "முடிந்தது" என்று நானே ஒப்புதல் கொடுத்துவிட்டேனாம், 32,500 தளத்துக்கு வெளியே நடந்ததால் அவர்களுக்குச் சம்பந்தம் இல்லையாம். மூன்று தடவை எழுதியும் வார்த்தை மாறாமல் அதே பதில். அந்த ஆளின் பக்கம் இன்னும் ஐந்து நட்சத்திரத்தோடு அங்கேயே இருக்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், கடை திறக்க நேரமாகிவிட்டது. அவசரமாகச் சிலது மட்டும். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், கமிஷன் போனால் போகட்டும். ஜிப்பில் வேலை வாங்காதீர்கள், கிட்டில் மாற்றம் வரி வரியாகத் தெரிய வேண்டும். சரி என்று ஒப்புக்கொள்ளும் முன் நெட்டை அணைத்துவிட்டு எல்லா டேப்பையும் இருபது தடவை மாற்றி, பேக் அழுத்திப் பாருங்கள். பிளே ஸ்டோரில் ஏற்றும் ஆப் நம்முடையதுதான் என்று காட்டும் அப்லோடு கீயையும் அதன் பாஸ்வேர்டையும் யாருக்கும் தராதீர்கள். நான் அதையும் கொடுத்துத் தொலைத்தேன், இப்போது பிளே கன்சோலில் புதிய கீ கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிட்டேன். நுகர்வோர் உதவி எண் 1915. பிழைப்புக்காக நாமே நடத்தும் சின்னத் தொழில் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை புகார் கொடுக்க ஊட்டி போகிறேன், யூபிஐ ரசீது, வாட்ஸப் பேச்சு, அந்த இரண்டு ஜிப், எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

இதே குன்னூர் கதையை உங்களிடமும் யாராவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். ஈரோட்டு அக்காவுக்கு 1,180 ரூபாய் திருப்பி அனுப்ப வேண்டும், முதலில் அதைச் செய்துவிட்டு வருகிறேன்.