உடல் கடிகாரத்துக்கு ஏற்ற விளக்கொளி: இரவும் பகலும் இயங்கும் அலுவலகம் ஒன்றின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னை ராஜீவ் காந்தி சாலையில் உள்ள, பகலில் ஒரு சாராரும் இரவில் வேறொரு சாராரும் வேலை செய்யும் அலுவலகக் கட்டடம் ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். அதன் தளங்களில் 2700 கெல்வின் (மஞ்சள்) முதல் 6500 கெல்வின் (நீலவெண்மை) வரை நிறம் மாறக்கூடிய எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தி, டாலி என்னும் விளக்குக் கட்டுப்பாட்டு முறை வழியாக அவற்றை இணைத்து, கட்டடக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாக்நெட் நெறிமுறைக்கான கேட்வே (இணைப்புக் கருவி) மூலம் பி.எம்.எஸ். எனப்படும் கட்டட மேலாண்மை அமைப்போடு சேர்த்து, நேர அட்டவணைப்படி சில ஆண்டுகளாக இயக்கி வருகிறோம். இந்த வசதியை வாங்க எண்ணும் நிறுவனங்களும், வாங்கிய பிறகு அட்டவணையை எப்படி அமைப்பது என்று யோசிக்கும் பராமரிப்புக் குழுவினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஏற்பாடு பயனுள்ளது. ஆனால் எவ்வளவு ஒளி, யாருடைய கண்ணுக்கு, அவருடைய நாளின் எந்த வேளையில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. விளக்கின் நிறம் அதற்கு அடுத்தபடியான விஷயம்.

அறிவியல் அடிப்படையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விழித்திரையில் பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, மெலனோப்சின் என்னும் நிறமியைக் கொண்ட நரம்பு செல்கள் சிலவும் உண்டு என்பதும், அவை தாமாகவே ஒளியை உணர்ந்து மூளையின் கடிகார மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன என்பதும் 2002-இல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டன. இந்த செல்கள் ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கே மிகுதியாக எதிர்வினை புரிகின்றன. அதனால் வெளிச்சத்தை அளக்கும் சாதாரண லக்ஸ் அளவு இவற்றின் தூண்டலைச் சரியாகக் காட்டாது. இதற்கென மெலனோபிக் அளவு என்ற ஒன்றை சி.ஐ.இ. என்னும் சர்வதேச ஒளியியல் ஆணையம் 2018-இல் தரப்படுத்தியது. பகலில் கண்மட்டத்தில் இந்த அளவு குறைந்தது 250 லக்ஸ் இருக்க வேண்டும், உறக்கத்துக்கு முந்தைய 3 மணி நேரத்தில் 10 லக்ஸைத் தாண்டக்கூடாது, உறங்கும் இடத்தில் 1 லக்ஸுக்கு மேல் இருக்கக்கூடாது என்று துறை நிபுணர்கள் பலர் சேர்ந்து 2022-இல் பரிந்துரைத்தனர். கட்டடத்தில் இருப்போரின் உடல்நலத்தை முன்வைக்கும் 'வெல்' கட்டடத் தரநிலையின் இரண்டாம் பதிப்பும் இதே 250 என்ற அளவைத் தன் உயர்நிலை மதிப்பெண்ணுக்கு வைத்திருக்கிறது; நண்பகலுக்குள் தொடங்கிக் குறைந்தது 4 மணி நேரம் அந்த அளவு நீடிக்க வேண்டும் என்கிறது.

விற்பனையாளர்கள் காட்டும் வரைபடங்களில் காலையில் மஞ்சளாகத் தொடங்கி, நண்பகலில் நீலவெண்மையாகி, மாலையில் மீண்டும் மஞ்சளாகும் அழகான வளைகோடு ஒன்று இருக்கும். அந்தக் கோடு நிறத்தை மட்டுமே சொல்கிறது. நம் அலுவலகங்கள் மேசைப் பரப்பில் விழும் ஒளியைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகின்றன, ஐ.எஸ். 3646 என்னும் இந்தியத் தர வழிகாட்டியும் அலுவலகங்களுக்கு 300 முதல் 750 லக்ஸ் வரை என்று கிடைத்தளப் பரப்புக்கே அளவு தருகிறது. மேசையில் 500 லக்ஸ் விழும் இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரமான 1.2 மீட்டரில், லக்ஸ் மீட்டரை அவர் பார்க்கும் திசையில் நிமிர்த்திப் பிடித்து அளந்தால், பல இருக்கைகளில் அதில் பாதிகூடத் தேறாது. 4000 கெல்வின் எல்.இ.டி. ஒளியின் மெலனோபிக் விகிதம் சுமார் 0.6 ஆகையால், கண்ணில் விழும் 200 லக்ஸ் மெலனோபிக் கணக்கில் 120 ஆகச் சுருங்கிவிடும். 6500 கெல்வினுக்கு ஏற்றினாலும் அதே 200 லக்ஸ் 200-ஐத் தாண்டாது. பரிந்துரை அளவான 250-ஐ நிறத்தால் மட்டும் எட்டவே முடியாது. இதை முதலில் கணக்கிட்டுப் பார்த்தவர்கள்தாம் அட்டவணையைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்கள் என்றே நான் நினைக்கிறேன். நேர் கீழே மட்டும் ஒளி வீசும் குழிவிளக்குகளுக்குப் பதிலாகச் சுவரிலும் கூரையிலும் ஒளி படரும்படி செய்ததும், அடர்நிறத் தடுப்புகளை வெளிர்நிறமாக மாற்றியதும் எங்கள் பகல் தளங்களில் அட்டவணையைவிடப் பெரிய மாறுதலைக் கொடுத்தன.

அதைவிடவும் பெரிய மாறுதல் ஜன்னல் திரைகளால் வந்தது. அட்டவணை மென்பொருளில் சூரிய உதய, மறைவு நேரங்களைப் பின்தொடரும் முறை ஒன்று ஆயத்தமாகவே இருந்தது. குளிர்காலத்தில் காலை 9 மணிக்கும் இருள் விலகாத வட ஐரோப்பிய நகரங்களுக்கு அது இன்றியமையாதது. 13 பாகை வடக்கில் இருக்கும் சென்னையிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. உதயம் ஏறத்தாழ 5.40-க்கும் 6.35-க்கும் இடையிலேயே நகர்கிறது. எனவே அந்த முறையை அணைத்துவிட்டு, கடிகார நேரத்தையே நிலையான ஆதாரமாகக் கொண்டோம். இங்கே உள்ள குறை வேறு. வெளியே கண் கூசும் அளவு வெயில் இருக்கையில், வெப்பத்துக்கும் கணினித் திரையின் கூச்சத்துக்கும் அஞ்சிக் காலையில் இறக்கிய திரைகளை நாள் முழுவதும் யாரும் ஏற்றுவதில்லை. வடக்குப் பக்கத் திரைகளை எப்போதும் திறந்தே வைப்பது, கிழக்குப் பக்கத் திரைகளை முற்பகல் வெயில் நகர்ந்ததும் ஏற்றுவது, மேற்குப் பக்கத் திரைகளை மதியம் வரை திறந்து வைப்பது என்று ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களின் அன்றாட வேலைப் பட்டியலிலேயே சேர்த்தோம். செலவில்லாத இந்த வேலை, ஜன்னலோர இருக்கைகளில் எந்த விளக்கும் தர இயலாத ஒளியைத் தருகிறது. ஆகவே பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்துக்கு நிறம் மாறும் விளக்குகளை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், முதலில் திரைகளைத் திறந்து அளந்து பாருங்கள் என்றே சொல்லி வருகிறேன்.

இரவுத் தளங்களின் கதை வேறு; இந்த அமைப்பு தன் விலைக்கு நியாயம் செய்யும் இடமும் அதுவே. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை நேரத்துக்கு வேலை செய்வோரின் ஷிப்ட், அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது இங்கே மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 7.30 முதல் 4.30 வரை என்றாகி, மார்ச் இரண்டாம் ஞாயிறன்று பழையபடி திரும்பும். பிரிட்டன் நேரத்துக்கு வேலை செய்யும் குழுவுக்கோ இந்த மாற்றம் அக்டோபர், மார்ச் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் வருகிறது. நம் நாட்டில் இத்தகைய நேரமாற்றம் இல்லாததால், எந்த பி.எம்.எஸ்ஸும் இதைத் தானாக அறியாது. ஒரே தளத்தில் இரு நாட்டுக் குழுக்கள் அமர்ந்திருந்தால், ஆண்டில் சில வாரங்கள் அவர்களுடைய ஷிப்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியே மாறிவிடும். அதனால் தளவாரியாக இருந்த அட்டவணையைக் குழுவாரியாக மாற்றி, ஒவ்வொன்றையும் ஷிப்ட் தொடங்கும் நேரத்திலிருந்து எத்தனையாவது மணி என்ற கணக்கில் எழுதிக்கொண்டோம். இப்போது தொடக்க நேரம் என்ற ஒரே எண்ணை மாற்றினால் போதும், மற்றவை தாமாக நகரும். இத்தனை காலப் பயன்பாட்டில் நாங்கள் செய்த மாற்றங்களில் மிகவும் பயன்பட்டது இதுதான்.

இரவுப் பணியாளர்களுக்கு எந்த ஒளி நல்லது என்பதில் அவசரம் கூடாது. மேலே சொன்ன 2022 பரிந்துரைகள் பகலில் விழித்து இரவில் உறங்குவோரை மனத்தில் கொண்டவை. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்ட் வேலையை, புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியம் மிகுந்தவற்றின் பட்டியலில், அதாவது 2ஏ பிரிவில், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. 2007-இல் சேர்த்தது, 2019-இல் மறுஆய்வு செய்தும் அதே பிரிவில்தான் வைத்தது. ஆகையால் இரவு முழுவதும் நீலவெண்மை ஒளியைக் கொட்டி ஆட்களை விழிக்க வைப்பது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நிரந்தரமாக இரவில் வருவோர் அமரும் பகுதியில் ஷிப்டின் முற்பாதியில் மிதமான வெண்ணொளியும், உணவு இடைவேளைக்குப் பின் படிப்படியாகக் குறையும் ஒளியும், கடைசி 2 மணி நேரத்தில் 2700 கெல்வினில் வேலைக்குத் தேவையான அளவு மட்டும் என்றும் வைத்திருக்கிறோம். வாரந்தோறும் ஷிப்ட் மாறுவோருக்கு உடல் கடிகாரத்தை முன்னும் பின்னும் இழுப்பதில் பொருளில்லை என்பதால், இரவு முழுவதும் மிதமான ஒளியே. மாடிப்படி, வாகன நிறுத்துமிடம், அவசர வழி ஆகியவற்றை இந்த அட்டவணையில் சேர்க்கவே இல்லை. பாதுகாப்பு ஒளி எந்தக் காரணத்துக்காகவும் குறையக்கூடாது.

தொழில்நுட்பப் பக்கத்தில் சில விவரங்களை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விவரப் பட்டியல்கள் இவற்றைச் சொல்வதில்லை. ஒரு டாலி லைனில், அதாவது ஒரே கட்டுப்பாட்டு இணைப்பில், 64 முகவரிகள், 16 குரூப்புகள், 16 சீன்கள் (முன்பதிந்த ஒளி நிலைகள்) என்பதே எல்லை. நிறம் மாறும் விளக்குகளுக்கு டி.டி. 8 வகை டிரைவர்களே (விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தைத் தரும் கருவிகள்) வேண்டும். வெளிச்சத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என இரண்டு முகவரி எடுக்கும் பழைய வகையை வாங்கினால் லைன் பாதி விளக்குகளிலேயே நிரம்பிவிடும். அடுத்தது ஒளி மாறும் வேகம். டாலியின் வழக்கமான ஃபேட் நேரம், அதாவது ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் நேரம், அதிகபட்சம் சுமார் 90 விநாடிகள். நீட்டித்த வகையிலும் 16 நிமிடங்களே. ஒரு மணி நேரத்தில் யாரும் உணராதபடி ஒளி மாற வேண்டுமானால், கன்ட்ரோலர் சிறு சிறு படிகளாகக் கட்டளை அனுப்ப வேண்டும். அந்தப் படிகளைக் கெல்வினில் சமமாகப் பிரித்தால் மஞ்சள் பக்கத்தில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். டாலி உள்ளுக்குள் பயன்படுத்தும் மிரெட் அளவில் (பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்த எண்) பிரித்தால் சீராக இருக்கும்.

மின்தடைதான் அடுத்த சோதனை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்ததும், டிரைவர்கள் தமக்குள் பதிந்திருக்கும் தொடக்க நிலைக்கே திரும்பும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த நிலை முழு வெளிச்சம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதிகாலை 3 மணிக்கு மின்சாரம் போய் வந்தால், மெல்லிய மஞ்சள் ஒளியில் இருந்த தளம் முழுவதும் ஒரே நொடியில் பளீரென்று ஆகிவிடும். மின்தடைக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பும்படி ஒவ்வொரு டிரைவரிலும் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். பழுதான டிரைவரை மாற்றும் எலக்ட்ரீஷியனுக்கும் இந்தப் படி தெரிந்திருக்க வேண்டும். மாற்றியதும் முகவரி, குரூப், தொடக்க நிலை மூன்றையும் பதிந்த பிறகே வேலை முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டும் என்று படிவத்திலேயே சேர்த்திருக்கிறோம்.

அட்டவணை வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஓவர்ரைடு, அதாவது அட்டவணையை மீறிக் கையால் கொடுக்கும் கட்டளை. பாக்நெட்டில் கட்டளைகளுக்கு 16 முன்னுரிமை நிலைகள் உண்டு. ஆபரேட்டர் கையால் கொடுப்பது 8-ஆம் நிலையிலும், அட்டவணை அதற்குக் கீழும் நிற்கும். வாடிக்கையாளர் வருகைக்காக ஒருவர் விளக்குகளை முழுதாக ஏற்றிவிட்டு, அந்தக் கட்டளையை விடுவிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால், அட்டவணை பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும், விளக்குகளோ அசையாது. ஓவர்ரைடு எதுவானாலும் 2 மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகும்படி அமைத்த பின் இந்தப் புகார்கள் வெகுவாகக் குறைந்தன. பகலொளி சென்சாருக்கும் அட்டவணைக்கும் உள்ள முரண் இவ்வளவு எளிதில் தீரவில்லை. மேசையில் வெயில் கீற்று விழுந்ததும் மின்சாரத்தை மிச்சப்படுத்த சென்சார் விளக்கைத் தாழ்த்தும். உடலுக்கு ஒளி மிகவும் தேவைப்படும் முற்பகலில்தான் அது நிகழும். காலை 9 முதல் நண்பகல் வரை சென்சார் தாழ்த்தக்கூடிய அளவுக்கு ஒரு கீழெல்லை வைத்திருக்கிறோம். அதனால் மின் செலவு சற்றுக் கூடுகிறது என்பதை நிர்வாகத்திடம் மறைக்காமல் சொல்லி ஒப்புதல் பெற்றோம்.

பணியாளர்களின் கருத்துகள் அட்டவணையைப் பலமுறை திருத்தின. 6500 கெல்வினை ஆஸ்பத்திரி வெளிச்சம் என்று பலர் வெறுத்தார்கள். 5000-க்கு இறக்கி, வெளிச்ச அளவைக் கூட்டியதும் எதிர்ப்பு அடங்கியது. வயது கூடும்போது விழிலென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடும் என்பதால், மூத்தவர்களுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படுகிறது. இளையவர்களோ ஒற்றைத் தலைவலியைக் காரணம் காட்டிக் குறைக்கச் சொல்கிறார்கள். இதற்குப் பொதுத்தீர்வு எதுவும் இல்லை. இருக்கையை மாற்றிக்கொள்ள அனுமதிப்பதும், மேசை விளக்கு தருவதும்தான் எங்களால் முடிந்தது. நிறத்தை ஒப்பிட்டு வேலை செய்யும் வடிவமைப்புக் குழுவின் பகுதியில் நிறத்தை 4000 கெல்வினிலேயே நிறுத்திவிட்டு, வெளிச்ச அளவை மட்டும் மாற்றுகிறோம்.

இதனால் எல்லோரும் நன்றாக உறங்குகிறார்கள், வேலைத்திறன் கூடிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பகல்நேரப் பணியாளர்களின் விழிப்புநிலையையும் மனநிலையையும் பணியிட ஒளி எப்படிப் பாதிக்கிறது என்பதை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வே, கிடைத்த சான்றுகளின் தரம் குறைவு என்றுதான் முடித்தது. ஷிப்டின் கடைசிப் பகுதியில் கண் எரிச்சல், வீடு போயும் தூக்கம் வராமை ஆகியவற்றைப் பற்றி எங்கள் இரவுக் குழுவினர் முன்பு சொன்னதைவிட இப்போது குறைவாகச் சொல்கிறார்கள் என்பதே என்னால் உறுதியாகக் கூறக்கூடியது. ஒளி குறையும் வேளையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவர்களே கேட்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் டெண்டரில் சிலவற்றைத் தவறாமல் எழுதிக்கொள்ளட்டும். மஞ்சள், வெண்மை என இரு வகை எல்.இ.டி.களும் சேர்ந்து எரியும் நடுநிறத்தில் கிடைக்கும் வெளிச்சம், ஒரு வகை மட்டும் எரியும் இரு முனைகளிலும் பல விளக்குகளில் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் எத்தனை லூமென் (விளக்கு வெளியிடும் ஒளியின் அளவு) என்று தனித்தனியே கேட்க வேண்டும். கமிஷனிங் (நிறுவிச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் பணி) முடிவில் மேசை லக்ஸோடு, கண்மட்ட மெலனோபிக் அளவையும் இருக்கை வாரியாக, ஒளியை அலைநீளம் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடுத்துத் தர வேண்டும். டாலி முகவரிக் கோப்பு, கேட்வேயின் கடவுச்சொல், அட்டவணையைத் திருத்தும் உரிமை மூன்றும் கட்டட உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வேலை செய்த ஒப்பந்ததாரர் அந்தக் கோப்பைத் தராமலே போய்விட்டதால், ஒரு தளம் முழுவதும் ஒவ்வொரு விளக்காகக் கண்டறிந்து மறுபடியும் முகவரியிட நேர்ந்தது.