கொக்குவில் பட்டறை ஒன்றில் பனைநாரும் பொலிமர் களிமண்ணும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டின் முன் அறையில் இயங்கும் இந்தச் சிறு பட்டறையில் தோடு, மாலை, சுவர்த் தொங்கல் ஆகியவை விற்கப்படுகின்றன. யாவும் பனையோலை, பனைநார், பருத்திக் கயிறு ஆகியவற்றோடு, சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் வகையான பொலிமர் களிமண் சேர்த்துச் செய்யப்பட்டவை. இரு பொருள்களும் சந்திக்கும் இடத்தில் காட்டப்பட்டிருக்கும் கவனமே இவற்றைப் பாராட்டி எழுதத் தூண்டியது.

இதைச் செய்யும் பெண் கலைஞர் சிறு வயதில் தம் அம்மம்மாவிடம் பனையோலை பின்னும் பன்னவேலை பழகியவர். பின்னுவதற்கான பனையோலையான சார்வோலையை வார்ந்து சாயமிட்டுப் பெட்டியும் தடுக்கும் இழைப்பதோடு, கடகம் எனும் ஓலைக்கூடையின் விளிம்பை நாரால் பொத்தவும், அதாவது தைத்துக் கட்டவும், அறிந்தவர். பின்னர் பருத்திக் கயிற்றில் முடிச்சு வேலை தொடங்கியபோது, நுனிகள் பிரியாமல் இருக்க மணிகள் தேவைப்பட்டன. கடை மணிகளின் துளைகளோ தடித்த கயிற்றுக்குப் போதவில்லை. சுடுமண் மணிக்குச் சூளை வேண்டும், பொலிமர் களிமண்ணுக்கு வீட்டு ஓவன் போதும் என்பதால், தம் கயிற்றின் அளவுக்கு மணிகளைத் தாமே உருட்டத் தொடங்கியதாகக் கூறினார்.

இக்களிமண் பி.வி.சி. பிளாஸ்டிக்கோடு அதனை இளக்கும் திரவம் கலந்து செய்யப்படுவது. பெரும்பாலான வகைகள் 110 முதல் 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுகுகின்றன. மிகுதியாகச் சூடாக்கிக் கருகவிட்டால் தீங்கான புகை எழும். களிமண் இறுகும் அளவான வெப்பத்தில் ஓலையும் பருத்தியும் எரிவதில்லை என்பதால், இழைத்த ஓலைத் துண்டின் ஓரத்தைக் களிமண்ணுக்குள் பதித்து இரண்டையும் ஒன்றாகவே சூடேற்றுகிறார். ஓலையோடு களிமண் தானாக ஒட்டிக்கொள்ளாது. ஆகவே களிமண்ணின் ஓரத்தில் முன்கூட்டியே துளைகள் இட்டு, இறுகிய பின் அவற்றினூடே நாரைக் கோத்துக் கடகத்துக்குச் செய்வதுபோலவே பொத்திவிடுகிறார். நான் வாங்கிய தோட்டை இழுத்துப் பார்த்தேன். இணைப்பு அசையவே இல்லை. பன்னவேலை தெரியாத ஒருவர் அந்த இடத்தில் பசையை நம்பியிருப்பார்.

சுடாத களிமண் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விரைவாக இளகிவிடுவதால், அதனைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, காலை வேளையிலேயே வடிவமைக்கிறார். சிறு மூடிப் பெட்டிகளும் அழகாக உள்ளன. உணவுப் பொருள் வைக்க ஏற்றவை அல்ல என்று வாங்குவோரிடம் தெளிவாகச் சொல்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

சுவர்த் தொங்கல்களில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. அவற்றின் களிமண் பகுதிகளுக்கு மினுக்குப் பூச்சு தடிப்பாகப் பூசப்பட்டிருப்பதால், ஓலையின் இழையை அழுத்திப் பதித்த நுண்ணிய வரிகள் மறைந்துவிடுகின்றன. வேலையின் சிறந்த பகுதியே அந்த வரிகள்தாம். முன்கூட்டியே சொன்னால் பூச்சின்றியும் செய்து தருகிறார். ஆதலால் தொங்கல் வாங்குவோர் அப்படியே கேட்டு வாங்கி, ஓலையின் சாயம் வெளிறாதபடி நேர்வெயில் படாத சுவரில் மாட்டலாம்.