டிரைவிங் ஸ்கூலா, வீட்டு வண்டியா? 18 வயதுக்காரர் கார் பழக எது பாதுகாப்பு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிள்ளைக்கு 18 முடிந்ததும் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும்: ஸ்கூலில் சேர்ப்பதா, எல் போர்டு மாட்டி அப்பாவே சொல்லிக்கொடுப்பதா?

தொடக்கத்துக்கு ஸ்கூல்தான். காரணம், ஆசான் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கும் கிளட்சும். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால் அவர் மிதித்துவிடுவார். வீட்டு வண்டியில் அப்பாவுக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் மட்டும். வேகத்தில் அதைப் பட்டென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும்.

விதிப்படி ஸ்கூல் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் 10 மணி நேரமாவது ஸ்டியரிங் மாணவர் கையில் இருக்க வேண்டும். ஒரே காரில் மூன்று பேரை ஏற்றிச் சுற்றினால் அந்தக் கணக்கு எப்படித் தேறும்? சேருமுன் கேட்டுவிடுங்கள்.

ஸ்கூல் தோற்கும் இடம் மழை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் கன்னியாகுமரி. வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் குழைந்து ரோடு வழுக்கும். ஈர ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், தடையைப் பார்த்து நிற்க சுமார் 33 மீட்டர் ஆகும். 60-ல் சுமார் 60 மீட்டர். ஒன்றரை மடங்கு வேகத்துக்குத் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. டெஸ்டுக்குத் தயார்படுத்தும் பயிற்சியில் இது பழகாது.

அதைப் பழக வீட்டு வண்டிதான் வேண்டும், லைசென்ஸ் வந்த பிறகும் சில மாதம் பெரியவர் பக்கத்தில் இருக்க. காலியான மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் பிரேக்கை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் படபடவென்று அதிரும். பழக்கமில்லாத பிள்ளை பயந்து காலை எடுத்துவிடும். எடுக்கக் கூடாது, அழுத்தியே பிடிக்க வேண்டும். பிறகு சாரல் மழையில் குலசேகரம் பக்கத்து வளைவுகள், அதன்பின் ஆரல்வாய்மொழிக் கணவாயின் பக்கக்காற்று, கடைசியில் இரவு. வளைவுக்குள் போய் பிரேக் பிடிப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும்.

லைசென்ஸ் வந்த அன்றே சாவியைக் கொடுத்து, கூட்டாளிகளோடு ராத்திரி கன்னியாகுமரிக்கு அனுப்புவது மூன்றாவது வழி. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் மாதங்களில்தான் விபத்து அதிகம். இளவயது நண்பர்கள் ஏறினால் இன்னும் கூடும். 18 ஆகும் முன்பே சாவி கொடுப்பது இதைவிட மோசம்: அந்த வயதில் பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடையாது.